நிறை வர்க்கம் எதிர்மறையில் வருகிறதா? முதலில் மூலக்கூறைப் பாருங்கள்

டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவல்தான் பீட்டா நிறமாலை. அதை ஃபிட் செய்து, அதாவது கோட்பாட்டு வளைவைத் தரவோடு பொருத்தி, நியூட்ரினோ நிறையைக் கறக்கப் பார்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. ஃபிட்டில் நேராகக் கிடைப்பது நிறையின் வர்க்கம். மாதிரித் தரவை உருவாக்கிப் பழகும் முதுநிலை மாணவருக்கும் பொருந்தும், பழைய சோதனைகளின் முடிவுகளை மறுபடி அலசுபவருக்கும் பொருந்தும். உங்கள் ஃபிட்டில் என்ன கோளாறு தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் முதல் தலைப்பில் உள்ள கணக்கைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வருவதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

அடிப்படை இவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் டிரிட்டியம் தனி அணுவாக இருப்பதில்லை, இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறாக இருக்கிறது. அதில் ஓர் அணுக்கரு சிதைந்து ஹீலியம்-3 ஆனதும், மிஞ்சுவது ஹீலியம்-டிரிட்டியம் அயனி. சிதைவில் கிடைக்கும் சுமார் 18,600 எலக்ட்ரான் வோல்ட்டை (இனி எ.வோ.) எலக்ட்ரானும் நியூட்ரினோவும் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பாடநூல் சொல்லும். மூன்றாவது பங்காளி அந்த அயனி. அது சுழலும், அதிரும், அதன் எலக்ட்ரான்கள் மேல் நிலைக்குத் தாவும். அப்படி அது எடுத்துக்கொண்ட ஆற்றலை எந்தக் கருவியும் அளந்து தருவதில்லை. குவாண்டம் வேதியியல் கணக்கிலிருந்து 'இறுதி நிலைப் பரவல்' என்ற பட்டியலை எடுத்து நாமே ஃபிட்டுக்குள் நுழைக்க வேண்டும். சுமார் 57 விழுக்காடு சிதைவுகளில் அயனி எலக்ட்ரான் அடி நிலையில் நிற்கிறது, மற்றவற்றில் 20 எ.வோ.க்கு மேலே உள்ள கிளர்வு நிலைகளுக்கோ முழுச் சிதறலுக்கோ போய்விடுகிறது.

அறிகுறி: நிறை வர்க்கம் சுழிக்குக் கீழே போகிறது

முதலில் பிழை அளவைப் பாருங்கள். ஒரு திட்ட விலக்கத்துக்குள் எதிர்மறை வந்தால் அது கோளாறே இல்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹவில் டிரிட்டிய வாயுவை வைத்து இயங்கிய காட்ரின் சோதனை 259 நாள் தரவிலிருந்து 2025இல் வெளியிட்ட மதிப்பு எதிர்மறை 0.14 எ.வோ. வர்க்கம், பிழை ஏறத்தாழ அதே அளவு. அதிலிருந்துதான் நிறை 0.45 எ.வோ.க்குக் கீழே என்ற வரம்பு வந்தது. உண்மை நிறை சுழியை ஒட்டி இருந்தால், திரும்பத் திரும்ப அளக்கும்போது பாதி முறை எதிர்மறைதான் வரும். அதைப் பார்த்துப் பதறி, ஃபிட்டில் 'சுழிக்குக் கீழே போகாதே' என்று வேலி போட்டுவிடாதீர்கள். வேலி போட்டால் நோய் போகாது, அறிகுறிதான் மறையும்.

பிழை அளவைத் தாண்டி எதிர்மறை வந்தால், எங்கோ ஓர் அகலத்தைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். காரணம் எளிய இயற்கணிதம். நியூட்ரினோவுக்கு நிறை இல்லையென்றால் எலக்ட்ரான் எடுக்கக்கூடிய உச்ச ஆற்றல்தான் எல்லை ஆற்றல். அதிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறோம் என்ற தூரத்தை 'இடைவெளி' என்போம். முடிவுக்கு அருகே எலக்ட்ரான் எண்ணிக்கை இடைவெளியின் வர்க்கத்தைப் போல மாறும். நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால் அதிலிருந்து நிறை வர்க்கத்தில் பாதி கழியும். இப்போது இடைவெளியே ஒரு சராசரியைச் சுற்றிக் கொஞ்சம் பரவிக் கிடக்கிறது என்று வையுங்கள். வர்க்கத்தின் சராசரி, சராசரியின் வர்க்கத்தைவிடப் பெரியது. கூடுவது திட்ட விலக்கத்தின் வர்க்கம். ஆக நிறை கழிக்கிறது, அகலம் கூட்டுகிறது. விட்டுப்போன அகலத்தை ஈடுகட்ட, ஃபிட் நிறை வர்க்கத்தை எதிர்மறைக்குத் தள்ளும். தள்ளும் அளவு, அந்த அகலத்தினுடைய வர்க்கத்தின் இரு மடங்கு. சராசரி நகர்ந்தால் பாதகமில்லை, அதை எல்லை ஆற்றல் விழுங்கிக்கொள்ளும். அகலத்தை விழுங்க வேறு யாரும் இல்லை.

இதைத் தலைகீழாகப் பயன்படுத்துவதுதான் என் முறை. உங்களுக்கு வந்த எதிர்மறை எண்ணை இரண்டால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். விட்டுப்போன அகலம் எத்தனை எ.வோ. என்று தெரிந்துவிடும். குற்றவாளிகளை அடையாளம் காட்டுவது அந்த எண்தான்.

அது 0.4 எ.வோ.யை ஒட்டி வந்தால் அயனியின் சுழற்சி-அதிர்வுப் பரவலை நீங்கள் சேர்க்கவில்லை. கையாலேயே சரிபார்க்கலாம். 18.6 ஆயிரம் எ.வோ. எலக்ட்ரான் புறப்படும்போது ஹீலியம் கருவைப் பின்னால் உதைக்கிறது. தனிக் கருவாக இருந்தால் அது 3.45 எ.வோ. ஏற்கும். மூலக்கூறில் கட்டுண்டிருப்பதால் பாதி, அதாவது 1.7 எ.வோ., மொத்த மூலக்கூறின் ஓட்டத்துக்குப் போகிறது. மற்றப் பாதி உள்ளே சுழற்சியாகவும் அதிர்வாகவும் தங்குகிறது. இந்த உள்பாதி ஒரே மதிப்பாக இருக்காது. சிதைவதற்கு முன்பே இரு கருக்களும் சுழிப்புள்ளி ஆற்றலில் (எவ்வளவு குளிர்ந்தாலும் மிஞ்சும் ஆற்றலில்) அதிர்ந்துகொண்டிருந்தன. டிரிட்டிய மூலக்கூறுக்கு அது சுமார் 0.156 எ.வோ. அதில் பாதி இயக்க ஆற்றல், 0.078. உதையின் திசைக்கு விழும் பங்கு மூன்றில் ஒன்று, 0.026. உதையும் பழைய அசைவும் ஒரே திசையில் சேர்ந்தால் கூடும், எதிர்த்தால் குறையும். இந்தக் குறுக்கு உறுப்பின் திட்ட விலக்க வர்க்கம் 4 × 1.73 × 0.026, அதாவது 0.18. வர்க்கமூலம் 0.42 எ.வோ. பெரிய கணினியில் போட்ட முழுக் கணக்கும் இதை ஒட்டியே வருகிறது. இந்த அகலத்தை அடியோடு விட்டால் நிறை வர்க்கம் எதிர்மறை 0.36க்குப் போகும். காட்ரினின் பிழை அளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

0.1 எ.வோ.யை ஒட்டி வந்தால் டாப்ளர் விரிவைப் பாருங்கள். 30 கெல்வினில் டிரிட்டிய மூலக்கூறின் வெப்ப ஓட்டம் எலக்ட்ரான் ஆற்றலில் 0.094 எ.வோ. அகலம் சேர்க்கிறது, 80 கெல்வினில் 0.15. காட்ரின் தொடக்கத்தில் 30 கெல்வினிலும் பின்னர் 80 கெல்வின் அளவிலும் இயங்கியது. வெப்பநிலை மாறிய பிறகும் நிரலில் பழைய எண் அப்படியே கிடந்தால் எதிர்மறை 0.03 வரும். தனியாகப் பார்த்தால் கண்ணில் படாது, எல்லாக் கட்டத் தரவையும் சேர்க்கும்போது உறுத்தும்.

பல எ.வோ. வந்தால் சுழற்சி, அதிர்வு, டாப்ளர் எல்லாரும் நிரபராதிகள். கிளர்வு நிலைகளையோ எலக்ட்ரான் ஆற்றலை அளக்கும் நிறமாலைமானியையோ சந்தேகப்படுங்கள். இதற்கு வரலாற்றில் பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் 1991இல் எதிர்மறை 147 எ.வோ. வர்க்கம் என்றது. அதே நாட்டின் லிவர்மோர் ஆய்வுக்கூடம் 1995இல் எதிர்மறை 130 என்றது. என் முறைப்படி வகுத்தால் இரண்டிலும் விட்டுப்போன அகலம் எட்டு எ.வோ.யைத் தாண்டுகிறது. (இவ்வளவு பெரிய அகலத்துக்கு அந்த வாய்பாடு ஓரளவுக்குத்தான் செல்லும், ஆனாலும் எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்லிவிடும்.) இரண்டும் வாயு மூலம் கொண்ட, கவனமாகச் செய்த சோதனைகள். வெவ்வேறு கருவிகள், ஆனால் நோய் ஒன்றே. பொதுவாக இருந்தது 1985இல் கணக்கிட்ட ஒரே இறுதி நிலைப் பரவல். ஒளியைவிட வேகமாகப் போகும் நியூட்ரினோ என்றெல்லாம் அந்த நாளில் பேச்சு எழுந்தது. 2000இல் சேன்ஸ், யோன்செல், ஃப்ரோலிக் மூவரும் வெளியிட்ட திருந்திய பரவலை வைத்து, பொடைன், பார்னோ, ராபர்ட்சன் ஆகியோர் 2015இல் மறுமதிப்பீடு செய்தார்கள். லாஸ் அலமோஸ் எண் நேர்மறை 20க்கும் லிவர்மோர் எண் நேர்மறை 37க்கும் வந்துவிட்டன. பெரிய எதிர்மறை போன இடம் தெரியவில்லை. கருவியில் ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை.

அறிகுறி: நிறை நேர்மறையில், நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வருகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். இல்லாத அகலத்தை இருப்பதாகச் சேர்த்தால் பொய் நிறை பிறக்கும். 1980இல் மாஸ்கோவில் லியூபிமோவ் குழு நியூட்ரினோவுக்கு 14 முதல் 46 எ.வோ. வரை நிறை இருப்பதாக அறிவித்தது. பேரண்டத்தின் இருண்ட பொருள் கிடைத்துவிட்டது என்று பலர் துள்ளினார்கள். அவர்களுடைய மூலம் வாலின் என்ற அமினோ அமிலம், அதில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடங்களில் டிரிட்டியம். இரண்டே எலக்ட்ரான் கொண்ட ஹீலியம்-டிரிட்டியம் அயனியைத் துல்லியமாகக் கணக்கிடவே பல பத்தாண்டு ஆகியிருக்கிறது, வாலினுக்கு எங்கே போவது? 1986இல் சூரிச் குழு 18 எ.வோ. என்ற மேல் வரம்பையும், 1991இல் லாஸ் அலமோஸ் 9.3 எ.வோ. என்ற மேல் வரம்பையும் வைத்தபோது அந்த அறிவிப்பு சரிந்தது.

உங்கள் ஃபிட்டில் இது வந்தால் ஒரே அகலத்தை இருமுறை சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடிக்கடி நடப்பது, டாப்ளர் விரிவு ஏற்கனவே மடித்துச் சேர்க்கப்பட்ட பரவல் கோப்பை வாங்கி அதன்மேல் இன்னொரு முறை டாப்ளரைப் பூசுவது.

அறிகுறி: ஃபிட் வரம்பை அகலமாக்கினால் நிறை வர்க்கம் நகர்கிறது

எல்லை ஆற்றலுக்குக் கீழே 15 எ.வோ. வரை மட்டும் எடுத்தால் ஒரு மதிப்பு, 40 வரை எடுத்தால் வேறு மதிப்பு. இதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது நோயின் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. முதல் 20 எ.வோ.க்குள் எலக்ட்ரான் அடி நிலை ஒன்றுதான் பேசுகிறது. அங்கே அந்த 57 விழுக்காடு வெறும் பெருக்கெண், ஃபிட்டின் உயரத்துக்குள் போய்விடும். அதற்குக் கீழே இறங்கினால் கிளர்வு நிலைகள் ஒவ்வொன்றாகக் கதவு திறக்கும். ஒவ்வொரு நிலைக்கும் தனி எல்லை ஆற்றல் என்பதால் நிறமாலை பல கிளைகளின் கூட்டுத்தொகையாகும். கிளைப் பங்கீடு பிசகினால் வளைவு பிசகும்.

ஆனால் மூலக்கூறைத் தூக்கில் போடுவதற்கு முன் இன்னொருவரை விசாரிக்க வேண்டும். வெளியே வரும் எலக்ட்ரான் வழியில் வேறு டிரிட்டிய மூலக்கூறில் முட்டினால் அங்கேயும் ஆற்றலை இழக்கும். அந்த இழப்பின் உச்சம் 12.6 எ.வோ. அருகே இருக்கிறது. நிறமாலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே முகத்தோடு வரும். பிரித்துப் பார்க்க ஒரே வழி வாயுவின் அடர்த்தியை மாற்றி அளப்பது. சிதைந்த மூலக்கூறின் கிளர்வு, பக்கத்தில் எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. முட்டல் பார்க்கும். அடர்த்தியோடு சேர்ந்து கோளாறும் மாறினால் ஆற்றல் இழப்புச் சார்பைச் சரிபாருங்கள். காட்ரின் அதற்கென்றே எலக்ட்ரான் துப்பாக்கி ஒன்றை வைத்து அந்தச் சார்பை நேரடியாக அளந்தது. அடர்த்தி மாறியும் கோளாறு அசையாமல் நின்றால் பரவல் கோப்பைத் திறக்க வேண்டியதுதான்.

கடைசி 1 எ.வோ.க்குள் விழுவது மொத்தச் சிதைவில் பத்து லட்சம் கோடியில் இரண்டே பங்கு. அதனால் எண்ணிக்கை வேண்டும் என்று எல்லாரும் கீழே இறங்கத்தான் பார்ப்பார்கள். லாஸ் அலமோஸ் காலத்தில் நூற்றுக்கணக்கான எ.வோ. வரை இறங்கினார்கள், அதனால்தான் கிளர்வு நிலைகள் அவர்களை அப்படிப் பதம் பார்த்தன. காட்ரின் 40 எ.வோ.யில் நின்றது பாதி இந்த அனுபவத்தால்.

அறிகுறி: எல்லை ஆற்றல் எதிர்பார்த்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை

பென்னிங் பொறியில் (அயனியை மின், காந்தப் புலங்களில் அடைத்து நிறையை அளக்கும் கருவி) டிரிட்டியம், ஹீலியம்-3 அணுக்களின் நிறை வேறுபாட்டை மிகத் துல்லியமாக அளந்திருக்கிறார்கள்: 18,592.0 எ.வோ. உங்கள் ஃபிட் 18,574 அருகே வருகிறது. பதினெட்டு எ.வோ. எங்கே போயிற்று என்று திகைக்க வேண்டாம், முழுக்க மூலக்கூறின் வரவு செலவுதான் அது. மூலக்கூறை உடைக்கச் செலவு 4.59. டிரிட்டியத்திலிருந்து எலக்ட்ரானைக் கழற்றச் செலவு 13.60. ஹீலியமும் டிரிட்டிய அயனியும் ஒட்டிக்கொள்ளும்போது வரவு 1.90. நிகரச் செலவு 16.29. கழித்தால் 18,575.7. அதிலிருந்து மொத்த மூலக்கூறின் பின்னுதைப்பு 1.72ஐயும் கழித்தால் 18,574.0.

இதற்கும் மேலே அரை எ.வோ. அளவில் வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் மூலத்தின் மின்னழுத்தமும் பரப்புகளின் வெளியேற்று ஆற்றலும்தான் (எலக்ட்ரானைப் பரப்பிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய ஆற்றல்) காரணம், மூலக்கூறு இல்லை. பின்னுதைப்பைக் கழிப்பதற்கு முந்தைய எண்ணாக மேலே வந்த 18,575.7க்கு, காட்ரினின் முதல் முடிவு 18,575.2 என்று வந்து, அரை எ.வோ. பிழைக்குள் ஒத்துப்போனது. எல்லை ஆற்றல் பொருந்துவது நிறை வர்க்கம் சரி என்பதற்குச் சான்று ஆகாது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதால், எல்லை ஆற்றலை வெளி எண்ணில் ஆணியடித்து ஃபிட் செய்வது ஆபத்தான குறுக்குவழி. சுதந்திரமாக விடுங்கள், முடிவில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: ஒரு கட்டத் தரவுக்கும் அடுத்ததற்கும் சிறு நகர்வு

வெப்பநிலையை மேலே பார்த்துவிட்டோம். அடுத்தது வாயுவின் கலவை. நூறு விழுக்காடு டிரிட்டியம் யாருக்கும் கிடைப்பதில்லை. கொஞ்சம் ஹைட்ரஜன்-டிரிட்டியம், கொஞ்சம் டியூட்டீரியம்-டிரிட்டியம் எப்போதும் கலந்திருக்கும். கூட்டாளி எதுவானாலும் மொத்த உதை 3.45 எ.வோ.தான், பங்கீடுதான் மாறும். உள்ளே தங்குவது டிரிட்டியக் கூட்டாளிக்கு 1.7, டியூட்டீரியத்துக்கு 1.4, ஹைட்ரஜனுக்கு 0.9 அளவு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிப் பரவல் கோப்பு, கலவை விகிதப்படி எடை. காட்ரின் லேசர் ராமன் முறையில் (மூலக்கூறுகள் சிதறடிக்கும் லேசர் ஒளியை வைத்து) கலவையைத் தொடர்ந்து கண்காணித்தது.

சுழற்சி நிலைகளில் ஒரு சின்னப் பொறி உண்டு. குளிர்ந்த வாயு என்றதும் அந்த வெப்பநிலைக்குரிய போல்ட்ஸ்மன் விகிதத்தை அப்படியே போடுவது வழக்கம். அணுக்கருச் சுழல் காரணமாக ஆர்த்தோ, பாரா வகைகள் (இரு கருக்களின் சுழல்களும் ஒரே திசையில் இருப்பது, எதிரெதிராக இருப்பது) அவ்வளவு சீக்கிரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுவதில்லை. அறை வெப்பத்தில் இருந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் 30 கெல்வினிலும் அப்படியே நிற்பதாகத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். விளைவு சிறிது, சரிசெய்ய இரண்டு வரி போதும்.

அறிகுறி: திண்ம மூலம், நாளாக ஆக முடிவு கெடுகிறது

ஜெர்மனியின் மைன்ஸ் நகரக் குழு டிரிட்டியத்தைக் கிராஃபைட்டின்மேல் மெல்லிய உறைபடலமாகப் படிய வைத்தது. படலம் மெல்லச் சுருண்டு திட்டுத்திட்டாக ஆனதில் எதிர்மறை நிறை வர்க்கம் வந்தது. 2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்ததும் நின்றது. திண்மத்தில் இன்னொரு செலவும் சேரும்: சிதையும் மூலக்கூறு பக்கத்து மூலக்கூறையும் ஏறத்தாழ 5 விழுக்காடு முறை கிளரச் செய்யும். வாயுக் கோப்பைத் திண்மத்துக்குப் போடாதீர்கள். இதையெல்லாம் சமாளித்துத்தான் மைன்ஸ் 2005இல் 2.3 எ.வோ. வரம்பைத் தொட்டது.

அறிகுறி: 'இறுதி நிலைக் கோட்பாட்டையே சோதனை மறுக்கிறதே' என்று வழிகாட்டி கேட்கிறார்

1950களில் செய்த இரண்டு சோதனைகளை அவர் நினைவில் வைத்திருப்பார். ஹைட்ரஜன்-டிரிட்டியம் சிதைந்தபின் அயனி உடையாமல் மிஞ்சும் பங்கு 89.5 விழுக்காடு என்றது ஒன்று, 93.2 என்றது மற்றொன்று. கோட்பாடு 55 முதல் 57 என்கிறது. இரண்டு சோதனைகள் தங்களுக்குள் ஒத்துப்போய், கோட்பாட்டோடு மட்டும் இப்படி முரண்பட்டது அரை நூற்றாண்டுக்கு மேல் தீராத தலைவலி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டிரிம்ஸ் என்ற கருவி கட்டி அதை மறுபடி அளந்தார்கள். 2020இல் வெளிவந்த விடை 56.5, பிழை 0.6. கோட்பாட்டின் பக்கம் தீர்ப்பு.

இதை வைத்து முழுப் பரவலும் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். உடையாமல் மிஞ்சும் பங்கு வேறு, எலக்ட்ரான் அடி நிலைப் பங்கு வேறு. இரட்டை டிரிட்டியத்தில் உள்ளே தங்கும் சராசரி ஆற்றல் 1.7, அயனியின் பிணைப்பு 1.9. அடி நிலையிலேயே இருந்தும் சுழன்ற வேகத்தில் பிய்த்துக்கொண்டு போக அயனிக்கு இடம் இருக்கிறது. நிறைக்கு வேண்டிய 0.4 எ.வோ. அகலத்தைக் கிளைப் பங்கீட்டுச் சோதனை நேராகத் தொடவும் இல்லை. அந்த அகலத்துக்கு நம் பிடிமானம் மேலே கையால் போட்ட கணக்கு போன்ற எளிய இயற்பியல்தான். என் பார்வையில் அது எந்தப் பெரிய கணினிக் கோப்பையும்விட நம்பகமானது.

அறிகுறி: அணு டிரிட்டியத்துக்கு மாறினேன், எல்லை ஆற்றலுக்கு மேலேயும் எண்ணிக்கை வருகிறது

0.4 எ.வோ. அகலத்தை அறிந்து ஃபிட்டில் சேர்த்தாலும், அது கூர்மையை மழுக்கத்தான் செய்யும். அதனால்தான் காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான் வெளியிடும் சைக்ளோட்ரான் கதிர்வீச்சின் அதிர்வெண்ணை அளக்கும் புராஜெக்ட் 8 குழு, 2023இல் மூலக்கூறு டிரிட்டியத்தை வைத்து 150 எ.வோ.யை ஒட்டிய வரம்பு ஒன்றைக் காட்டிவிட்டு, அணு டிரிட்டியத்தைக் குறிவைக்கிறது. இலக்கு 0.04 எ.வோ. அணுவில் கணக்கு சுத்தம். 70.2 விழுக்காடு ஹீலியம் அயனியின் அடி நிலை, சுமார் 25 விழுக்காடு 40.8 எ.வோ. மேலே உள்ள அடுத்த நிலை. காகிதத்தில் கையால் வரும் எண்கள் இவை. அதிர்வும் இல்லை, சுழற்சியும் இல்லை.

சிக்கல், அணுவாகப் பிரியாமல் மிஞ்சும் மூலக்கூறு எச்சத்தில். மூலக்கூறின் எல்லை ஆற்றல் அணுவினுடையதைவிட எட்டுப் பத்து எ.வோ. உயரத்தில் இருக்கிறது. அணுவின் நிறமாலை முடியும் இடத்தில் மூலக்கூறின் நிறமாலை இன்னும் ஏறுமுகம். முடிவுக்கு அருகே திரளும் எண்ணிக்கை இடைவெளியின் மும்மடியைப் போல வளரும். 8 எ.வோ. என்றே வைத்தாலும் 512 மடங்கு. ஆயிரம் அணுவுக்கு ஒரு மூலக்கூறு மிஞ்சினாலே, அதில் டிரிட்டியம் இரண்டு என்பதையும் அடி நிலைப் பங்குகளையும் சேர்த்துப் பார்த்தால், எல்லைக்கு மேலே மூலக்கூறு தரும் எண்ணிக்கை அணுவின் கடைசி 1 எ.வோ. தரும் எண்ணிக்கையில் 83 விழுக்காடு வந்து நிற்கும்.

எல்லைக்கு மேலே தெரியும் அந்த எண்ணிக்கை சமதளமாக இருக்கிறதா, சரிகிறதா என்று பாருங்கள். சமதளம் என்றால் வழக்கமான பின்னணி. அணுவின் எல்லையிலிருந்து மேலே பத்து எ.வோ.க்குள் சரிந்து ஓய்ந்தால் மிஞ்சிய மூலக்கூறு. ஃபிட்டில் மூலக்கூறுப் பங்கைத் தனி அளபுருவாகத் திறந்துவிடுங்கள், அதைக் கட்டுப்படுத்த எல்லைக்கு மேலே உள்ள தரவையும் சேர்த்தே எடுங்கள்.